கடைசிப் பக்கத்துப் பென்சில் விமர்சனம்

நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கருத்து எழுதும் வியாதி எனக்குண்டு.

நிஜக் கொலை வழக்கு ஒன்றைப் பற்றிய புத்தகத்தில் போன மாதம் எழுதினேன்: ‘கொலை விறுவிறுப்பு. கோர்ட்டு சுத்த அறுவை.’

இன்று கொரட்டூர் நூலகத்தில் ஒரு பெண்மணி அதே பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

“இத்த எவன் சார் எழுதிக்கீறான்?”

“எவனோ வேலையத்தவன்மா.” பொய்யில்லை.

“செத்தது எங்க அக்கா சார். பதினாலு வருசம் கேஸு. எங்களுக்கும் அறுவையாத்தான் இருந்துச்சு.”

ரப்பர் தேடினேன்.

“அழிக்காத சார். பென்சில் குடு.” என் சட்டைப்பையையே பார்த்தார்.

கொடுத்தேன். என் வரிக்குக் கீழே எழுதினார்: ‘நீ பத்துப் பக்கம் தாண்டிப் படிச்சிருப்ப. எங்களால ஒரு வாய்தாகூடத் தாண்ட முடியல.’

பென்சிலை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

கடைசிப் பக்க விமர்சகர்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தனியாக நிற்க வெட்கமாக இருக்கிறது.