ஆயாவின் மண் சோறு

என் ஆயாவின் பக்தி எனக்கு ஒரு நாற்றமாகத்தான் நினைவில் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிப் தறிக்கான பச்சைப் பட்டு நூலை வேகவைக்கும் வாடை எந்நேரமும் வீசும். அது பிறந்ததிலிருந்து பழகியது. ஆயாவின் வாடை வேறு. காய்ந்து கறுத்த சாமி பூக்களைத் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருப்பாள். பித்தளைச் சொம்பில் பழைய தீர்த்தம் இருக்கும். மேலே வழவழவென்று ஏதோ படர்ந்திருக்கும். தலைவலி என்று படுத்தால் அதைத்தான் என் வாயில் ஊற்றுவாள். ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றிவிட்டு வந்து, அதை உடம்பிலேயே காயவிடுவாள். பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அறுபதுகளின் கடைசியில், கல்லூரியில் சேர்ந்த வருஷம், எனக்கு டைபாய்டு வந்தது. பிழைக்க மாட்டேன் என்றே வீட்டில் பயந்தார்கள். ஆயா தெருமுனை அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பேரன் எழுந்து நடந்தால் ஆடி மாதத்தில் அவனும் தானும் மண் சோறு சாப்பிடுவது. அதுவரை தன் வாயில் உப்பு படாது.

மண் சோறு என்றால், இலையோ தட்டோ இல்லாமல் கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிடுவது.

நான் எழுந்து நடந்தேன். ஆனால் சாப்பிட மாட்டேன் என்றேன்.

"இந்த மாதிரி அழுக்குலதான் ஆயா டைபாய்டே வருது."

"அவ வாசல்ல ஏதுபா அழுக்கு?"

"ஈ மொய்க்குதே, கண்ணு தெரியலியா?"

"தெரியலபா. ரெண்டு கண்ணுலயும் பொரை" என்று சிரித்தாள்.

நான் படிப்பை முடிக்கும்வரை ஒவ்வொரு ஆடியும் வந்து போனது. அவள் உப்பில்லாத கஞ்சியைக் குடித்து மெலிந்தாள். அந்தப் பிடிவாதமும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது. சென்னையில் வேலை கிடைத்துப் புறப்பட இருந்தபோது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கெழவி உப்பில்லாம செத்துக்கினு இருக்குதுடா. ஒரு வாய் சோறு. பட்டம் வாங்குன வாய் அழுகிப்பூடுமா?"

போனேன். ஆடி வெள்ளிக்கிழமை. கருங்கல் தரையில் முந்தைய வரிசை சிந்திய கூழ் மிதிபட்டுக் கிடந்தது. அதில் ஒரு தலைமுடி. அதன் மேலேயே எங்களுக்குச் சோற்றைக் கொட்டினார்கள். பக்கத்தில் ஆயா மண்டியிட்டு, மூக்கு தரையில் உரச, பல் இல்லாத வாயால் பருக்கைகளை உறிஞ்சினாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் குமட்டியது. அவள் குனிந்திருந்தபோதே என் பங்கு சோற்றைக் கைக்குட்டையில் வாரி முடிந்துகொண்டேன்.

"சாப்ட்டியாபா?"

"சாப்பிட்டேன் ஆயா."

அவள் என் இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் கைக்குட்டையோடு சாக்கடையில் எறிந்தேன். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா தம்பி, கர்ச்சீப்புக்கு வயிறு ரொம்பிச்சா?" என்றாள். ஆயாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை.

அன்று ஆயா உப்புப் போட்ட ரசம் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மோவாயில் வழியவிட்டுக் குடித்தாள். ஊறுகாயை நக்கினாள். எனக்கு அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆபீஸ் நண்பர்கள் இருவரைக் கோயில் பார்க்க அழைத்து வந்தேன். ஆயா அவர்களுக்குக் காபி கொடுத்தபடி ஆரம்பித்துவிட்டாள்.

"மெட்ராசுல ஆபீசரு. ஆனா எம் பேரன் அம்மன் வாசல்ல குனிஞ்சி மண் சோறு துன்னாம்பா."

"என்னடா, தரையை நக்குனியா?" என்று ஒருவன் சிரித்தான்.

எனக்கு முகம் எரிந்தது. "நான் ஒண்ணும் தின்னல. துணியில கட்டிச் சாக்கடையில போட்டேன். கேக்குதா ஆயா? சாக்கடையில!"

அவள் காபி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த இரவு அம்மா சோறு பிசைந்து வைத்தபோது, "உப்பு போட்டுட்டியாமா? அப்போ வேணாம்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ஆடியில் சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆடி வருவதற்குள், உப்பைத் தொடாமலே அவள் போய்விட்டாள். இந்த வயதிலும் மண் சோற்றை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. அது மாறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அதைவிட மோசமாகக் குமட்டுவது, நண்பர்கள் முன் கத்திய என் குரல்.

ஆயா போன பதினாறாம் நாள், படையலுக்கு அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா உப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போடவா, வேணாவா? நீதான்பா சொல்லணும்."

"போடும்மா" என்றேன். அன்று கோயிலில் 'சாப்பிட்டேன்' என்று சொன்னதைப் போல, அதையும் எளிதாகத்தான் சொன்னேன்.