நான் செருகிய எஃகுப் பின்

நஸீரின் பெயரைக் கெடுத்தது அவர் விற்ற இயந்திரமன்று. நான்தான். பொய்ச் சான்றொன்றை என் கையாலேயே செய்து, அதைச் சபையில் காட்டி, குற்றமற்ற ஒரு மனிதரைக் கள்ளனாக்கினேன்!

இதை வாசிக்கும் நீங்கள் என்னை நம்புவீர்களோ, தெரியாது. நம்பாதிருப்பதே நன்று. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் களஞ்சியக் காப்பாளனாக இருந்தவன். எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, கொடுத்ததை மீண்டும் எண்ணியவன். எவர் முகத்தைக் கண்டாலும் 'இவர் எதை மறைக்கிறார்?' என்று கேட்கும் மனம் எனக்கு. அதை நேர்மை என்றது ஊர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்...

ஓய்வு பெற்றபின் படகொன்று வாங்க விரும்பினேன். என் மகளின் கணவர் சிவராசா அப்போது பிறருடைய படகில் கூலிக்குத் தொழில் செய்துகொண்டிருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர், எங்கள் இறங்குதுறையில் இயந்திரம் திருத்தும் கொட்டில் வைத்திருந்தவர். தமது பழைய கண்ணாடியிழைப் படகையும் அதன் பின்புறம் மாட்டும் எட்டுக் குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தையும் விற்கப்போவதாக அவர் சொன்னார். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய வகை. அத்தகைய வார்ப்பு இப்போது வருவதில்லை என்று துறையில் எல்லோரும் புகழ்ந்தார்கள். எல்லோரும் புகழ்ந்ததே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது!

மூன்று நாட்கள் பரிசோதித்தேன். பூச்சைச் சுரண்டி, அடியில் வேறு நிறம் உண்டா என்று பார்த்தேன். கியர்ப் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தேன். தண்ணீர்ப் பீப்பாவில் இயந்திரத்தை இறக்கி ஐந்து தடவை கிளப்பச் சொன்னேன்.

"பொண்ணு பார்க்க வந்த ஆக்கள் பொண்ணுட பல்லத்தான் எண்ணுவாங்க ஐயா. நீங்க பொண்ணப் பெத்த உம்மாட பல்லையும் எண்ணுறீங்களே!" என்று நஸீர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "பழுதில்லாட்டி ஏன் தம்பி விக்கிறீர்?"

"முதுகு ஏலாது ஐயா. இனி எனக்குக் கடல் சரிவராது. இந்தக் கொட்டில்தான் கஞ்சி ஊத்தணும்."

சிவராசா என் காதருகே குனிந்தார். "மாமா, பார்த்தது காணும். வெக்கமாக் கிடக்கு."

வாங்கினேன். பின்னர் இரண்டு மாதங்கள் அந்த இயந்திரத்தோடேயே கிடந்தேன். எரிபொருள் வழிகளைக் கழுவினேன். பிளக்கின் இடைவெளியை மெல்லிய தகட்டால் அளந்தேன். நஸீர் கேளாமலே வந்து, சிறு திருகொன்றைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, "கேளுங்க ஐயா, இருமல் நிண்டிட்டு" என்பார். உண்மையிலேயே நின்றிருக்கும்.

விற்றபின்னும் இவர் ஏன் வருகிறார்? எதை மூடிமறைக்க வருகிறார்? இதுவே என் நன்றி!

ஒருநாள் காலை, கிறீஸ் பூசுவதற்காக, நீரைத் தள்ளிப் படகை ஓட்டும் விசிறியைக் கழற்றினேன். விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறு பின் என் உள்ளங்கையில் விழுந்தது. பித்தளை. கத்தி முனைக்கே கீறு விழும் பித்தளை!

அகப்பட்டான் என்று உள்ளம் துள்ளியது. இயந்திரத்தின் முழுப் பலத்தையும் தாங்க வேண்டிய இடத்தில் இந்த மெல்லிய உலோகமா? எஃகுப் பின்னை உருவி வைத்துக்கொண்டு இதைச் செருகி விற்றிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கள்ளன் ஒப்புக்கொள்ளுவானா?

எஃகு ஆணியொன்றை அளவாக வெட்டி, அரத்தால் தேய்த்து, நானே செருகினேன். சிவராசாவிடமும் சொல்லவில்லை. பித்தளைப் பின்னைச் சான்றாகப் பத்திரப்படுத்தினேன்.

மூன்றாம் வாரம், நானும் சிவராசாவும் கரைக்குத் திரும்பும் வேளையில், நீருக்குள் மறைந்திருந்த கல்லொன்றில் விசிறி மோதியது. இரும்பை இரும்பு கடித்துத் துப்பியது போன்ற ஓசை... இயந்திரம் அலறிற்று, படகு நகரவில்லை. அலை எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. பாறையில் அடிபடாமல் தடுக்கக் கையை ஊன்றிய சிவராசாவின் முன்கை எலும்பு முறிந்தது.

எங்களை இழுத்துவந்த படகுக்காரர் ஆறுதல் சொன்னார்: "பின்தான் போயிருக்கும் அண்ணை. அதுக்குத்தானே பித்தளை போடுறது? கல்லில அடிச்சாப் பின் முறியும், கியர் தப்பும். வேற பின் போட்டா வீட்ட வரலாம்."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிற்று. நீங்கள் கேட்கலாம்: அப்போதே ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? 'உன் புருஷனின் கையை முறித்தது என் புத்திசாலித்தனம்' என்றா?

சிவராசாவை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, விசிறியைக் கழற்றினேன். எஃகுப் பின் வளையாமல் இருந்தது. கியரின் பற்கள் பொடிப்பொடியாகியிருந்தன. எஃகை உருவிக் கடலில் எறிந்தேன். பித்தளையைச் சுத்தியலால் முறித்து, எஃகு போட்டதே தெரியாதபடி அந்த இடத்தில் வைத்தேன்.

மீனவர் சங்கக் கூட்டத்தில் முறிந்த பின்னையும் நொறுங்கிய கியரையும் மேசைமேல் வைத்து, ஏற்கனவே வெடித்திருந்த கியரை மறைத்து நஸீர் விற்றார் என்று முறையிட்டேன்.

நஸீர் துண்டுகளைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின் முறிஞ்சா விசிறிக்குப் பலம் போகாதே ஐயா. பிறகு கியர் எப்படி இப்படித் தூளாகும்? ரெண்டும் ஒண்டா நடக்க ஏலுமா?"

"ஏற்கனவே வெடிச்ச பல்லெண்டா எப்பிடியும் உடையும்" என்றேன். அந்த விடையை முந்தின இரவே தயார்செய்திருந்தேன்!

"ஐயா பொய் சொல்லுவாரோ?" என்றார் தலைவர். சபை தலையசைத்தது. நஸீர் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம், நான் அவர்களுள் ஒருவன் என்பதும் அந்தத் தலையசைப்பில் இருந்ததா? இல்லையென்று சொல்ல ஆசைப்படுகிறேன்... சொல்ல முடியவில்லை.

கொட்டிலை மூடச் சொன்னார்கள். முதுகு ஏலாதென்று கடலை விட்ட மனிதர், மூதூர்ப் பக்கம் கல் ஏற்றும் லொறியில் மூன்று ஆண்டுகள் சுமை தூக்கினார். அதை நான் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் சாப்பிட்டேன், உறங்கினேன்.

சென்ற மாதம் அவர் கொட்டிலை மீண்டும் திறக்க அனுமதி கேட்டுச் சங்கத்துக்கு வந்தார். "பாதிக்கப்பட்டவர் ஐயாதான். அவர் சொல்லட்டும்" என்றார் தலைவர்.

எழுந்தேன். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது! முன்வரிசையில் சிவராசா, நேராகாத அந்தக் கையை மடியில் வைத்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் அவரை மன்னிச்சிட்டன்" என்றேன்.

கைதட்டினார்கள். நஸீர் எழுந்துவந்து, என் கையைத் தம் இரு கைகளாலும் பற்றினார். காய்ப்பேறிய கைகள்.

"பெரிய மனசு ஐயா ஒங்களுக்கு."

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாரா? அந்த முகத்தை எவ்வளவோ துருவிப் பார்த்தேன்... ஒன்றும் அகப்படவில்லை. கைதட்டல் ஓய்ந்த பின்னும் அவர் கையை விடவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டேன்.

இப்போது கொட்டில் திறந்திருக்கிறது. புதிதாகத் துறைக்கு வருவோரிடம், "இந்த ஐயாதான் நஸீரை மன்னிச்சவர்" என்று என்னைக் காட்டுகிறார்கள். கொட்டிலுக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவருக்கும் அது கேட்கும். அவர் நிமிர்வதில்லை.

நான் ஓமென்று தலையசைக்கிறேன்.