சந்தனம் பூசிய பேட்டரி

அன்று காலை கிளாங்கில், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தது மூன்றே பேர்: நான், என் மனைவி, அவள் தங்கையின் புருஷன். என் பழைய கார் கிளம்பவில்லை. அதில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பிழைக்கிறேன். சுபாங் ஜெயாவில் ஆபீஸ் வேலை பார்க்கும் சகலை, தன் புதுக் காரைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்கு ஜம்பர் கேபிளை மாட்டினார். சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். ஸ்டார்ட்டர் போயிருக்குமோ, இந்த மாத வருமானமே போச்சோ என்று எனக்குக் கவலை.

"என்ன தம்பி ப்ராப்ளம்?" என்றாள் மனைவி. என் காரைப் பற்றி அவரிடம் கேட்கிறாள்! மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்ட இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அண்ணே, கிளிப் மாட்டுற இடத்த கொஞ்சம் சுரண்டிப் பாக்கவா?" என்றார் சகலை.

"வேணாம்லா தம்பி, வெள்ளச் சட்ட அழுக்காயிடும்."

அவர் கைபட்டு என் கார் கிளம்பிவிடுமோ என்பதுதான் என் பயம். பக்கத்து ஊரான மேருவிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

வந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாஸ், ஆயுத பூஜைக்கு பேட்டரி தலையிலயா சந்தனம் அப்புனீங்க? காஞ்சு கல்லாட்டம் இருக்கு, கரண்டு எப்படிப் போவும்?"

சுரண்டிவிட்டுக் கேபிளை மாட்டினார். உடனே கிளம்பிவிட்டது. சகலை கேபிளைச் சுருட்டித் தன் காரில் வைத்தார்.

"தம்பி அப்பவே சொன்னாருல்ல," என்றாள் மனைவி.

மெக்கானிக் கூலியாகக் கேட்டது எண்பது வெள்ளி. என்னிடம் முப்பதுதான் இருந்தது. மீதியைச் சகலை நீட்டிவிட்டார். இன்றுவரை நான் அவருக்குத் தரவேண்டியது ஐம்பது வெள்ளி.