கொழுந்தன் வெட்டிய குண்டுமல்லி

அறுபதுகளில் புக்கிட் பாஞ்சாங் கம்பத்துக் கிராமத்தில் குடியிருந்தோம். என் கணவரின் கருமாதி முடிந்த அன்று, கொழுந்தன் பாராங்கத்தியை எடுத்துப்போய், வாசலில் நான் வளர்த்த குண்டுமல்லிச் செடியை அடியோடு வெட்டினார்.

“இனிமே உங்களுக்கு எதுக்கு அண்ணி பூவு?”

 

வெட்டிப்போட்ட கிளைகளைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரி பாத்திமா எடுத்துப்போய் நட்டாள். அவளும் கணவனை இழந்தவள்தான். செடி பூத்ததும் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். நான் தயங்கினேன்.

“புருஷன் செத்ததுக்கு நீ என்ன பண்ணுவே? செடி என்ன பண்ணும்?” என்று மலாயில் திட்டிவிட்டு, தன் கொண்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் என் மல்லி. அன்றே நானும் வைத்துக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் கொழுந்தன் வந்தார்.

“தேக்கா சந்தையில பூ வெலை ரொம்ப ஏறிப்போச்சுலா, அண்ணி. அந்த மலாய்க்காரம்மா செடியில கொஞ்சம் கேட்டு வாங்கித் தாங்க. எம் பொண்டாட்டி தலைக்கு.”

அது எந்தச் செடி என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. நான் திரும்பி நின்று என் கொண்டையைக் காட்டினேன்.

“பூத்ததெல்லாம் இங்க இருக்கு, தம்பி.”

அன்று செடியை வெட்டிய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.