வெறுங்கழுத்து

எங்க வீட்டுக்காரர் பூ வண்டி ஓட்டினார். சாயங்காலம் மதுரையில் மல்லிகை ஏத்திக்கிட்டு மலைப்பாதை வழியா கேரளாவுக்குப் போவார். மறுநாள் காலையில் வருவார். பகலெல்லாம் தூக்கம். வில்லாபுரத்தில் ஒத்தை அறை வீடு. அவர் தூங்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைக்குப் பூக் கட்டுவேன்.

எனக்குப் பயம்தான் வியாதி. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிற மாதிரி முழிச்சுக்கிட்டே கனவு வரும். அதனால் என் தாலிக் கயிறு கனத்துப் போச்சு. கோயில் மஞ்சள், தர்காவில் ஓதிக் கொடுத்த தாயத்து, யாரோ கொடுத்த வேர், எல்லாம் அதில் தொங்கும். அவர் வண்டி எடுக்கும்போது நான் அதைக் கண்ணில் ஒத்திக்கணும். மறந்துட்டா அன்னைக்குச் சோறு இறங்காது. கழுத்துல சந்தை போட்டிருக்கியான்னு அவர் கேலி பண்ணுவார்.

தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு இருந்துச்சு. மத்தியானம் பொம்பளைகள் பாடுவாங்க. என் கை அந்தப் பாட்டுக்குப் பூக் கட்டும். ஒரு நாள் கூடையோடவே போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். பாஸ்டர் பேசினதில் பாதி புரியலை. கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். உள்ளே விளக்கு இல்லாமலே வெளிச்சமா இருந்துச்சு. கூரைச் சூடு, மல்லிகை வாசம், எங்கிருந்தோ பாட்டு. எம்புட்டு நேரம்னு தெரியாது. கண்ணைத் திறந்தா கூடையில் மொட்டெல்லாம் விரிஞ்சு கிடந்துச்சு. விரிஞ்ச பூவைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதுக்கு எனக்கு வருத்தமே வரலை.

ஒரு வருஷம் போல அங்க போனேன். அப்புறம் ஞானஸ்நானம் எடுக்கணும்னு தோணுச்சு. அந்தச் சபையில் நகை, பூ, பொட்டு கிடையாது. தாலி மட்டும் உன் மனசைப் பொறுத்தது, கட்டாயம் இல்லைன்னு பாஸ்டரம்மா சொன்னாங்க. நான் யோசிச்சேன். இந்தக் கயிறுதான் அவரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு நம்பிக்கிட்டு, தண்ணிக்குள்ள இறங்கி ஆண்டவர்கிட்ட என்னத்தைச் சொல்ல?

கயிறைக் கழட்டப் போறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சத்தம் போடலை.

"கழட்டிட்டா நான் செத்தேன்னு அர்த்தம். செத்தவன் வீட்டுப் படி ஏறாதே."

அம்புட்டுதான் பேசினார்.

ஞாயித்துக்கிழமை காலையில் வந்து படுத்தார். தூங்குற முகத்தைப் பார்த்தேன். கயிறைக் கழட்டி சாமான் பெட்டியில் வச்சேன். திரும்பி வர வீடு இருக்குமான்னு தெரியாமத்தான் கிளம்பினேன்.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கண்மாய். மழைக்கு நிறைஞ்சு கிடந்துச்சு. சமணர் மலை தலைகீழாத் தண்ணியில் படுத்திருந்துச்சு. வெள்ளைச் சேலையில் நாங்க வரிசையா நின்னோம். மலை உச்சியில் கால் வைக்கிற மாதிரித்தான் இறங்கினேன். பாஸ்டர் முதுகைத் தாங்கிச் சாய்ச்சார். தண்ணி மூடுச்சு. சத்தமெல்லாம் தூரமாப் போச்சு. பச்சையா ஒரு வெளிச்சம். யார் இருந்தாலும் இல்லாட்டியும் நான் தனி இல்லைன்னு ஒரு நினைப்பு. யாரும் சொல்லிக் கேட்ட மாதிரி இல்லை. அந்தத் தண்ணியே அப்படி இருந்துச்சு.

எந்திரிச்சப்ப கரை மேல ஒரு பொம்பளை நின்னு பார்க்கிற மாதிரி இருந்துச்சு. கண்ணைத் துடைச்சுட்டுப் பார்த்தா காணோம்.

அது என் நாத்தனார், அவரோட தங்கச்சி. அந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருந்தா. அப்ப எங்க யார்கிட்டயும் போன் கிடையாது, பார்த்தும் ரொம்ப நாளாச்சு. வெள்ளைச் சேலை, நெத்தியில் பொட்டில்லை, வெறுங்கழுத்து, தண்ணியில் முக்குறாங்க, சுத்திப் பொம்பளைகள். எங்க பக்கத்து ஆள் யார் பார்த்தாலும் புருஷன் செத்துத் தாலி இறக்குறாங்கன்னுதான் நினைப்பாங்க. நாங்க அங்கேயே ஜெபிச்சு, சாப்பிட்டுக் கிளம்ப நேரமாச்சு. அவ டவுன் பஸ் பிடிச்சு முந்திட்டா.

இது எதுவும் தெரியாம நான் தெருவில் திரும்பினேன். ஒப்பாரி கேட்டுச்சு. என் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில், அப்பத்தான் வந்த நாத்தனார் சாத்தின கதவு முன்னாடி மாரில் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"அண்ணே, உன்னை எடுத்துப் போட்டதக்கூட எங்களுக்குச் சொல்லலையே, அண்ணே."

காலையில நல்லாத்தானே வந்தாருன்னு பக்கத்து வீட்டம்மா மூக்கைச் சிந்துச்சு.

கழட்டின அன்னைக்கேவா. அப்படித்தான் நினைச்சேன். முன்னன்னா அங்கேயே விழுந்திருப்பேன். இப்ப கால் நடந்துச்சு. அழுகை வந்துச்சு, பயம் வரலை. கண்மாய்க்குள்ள இருந்த அமைதி தெருவிலயும் இருந்துச்சு. ஒப்பாரி தண்ணிக்கு அந்தப் பக்கம் கேட்ட மாதிரி கேட்டுச்சு. ஆண்டவரே, அவரை நீரே வச்சுக்கிட்டாலும் சரின்னு உள்ளுக்குள்ள ஒரு வார்த்தை. சொன்னது நான்தானான்னு இன்னைக்கும் தெரியலை. கூட்டத்தை விலக்கிப் படியேறிக் கதவைத் தள்ளினேன்.

அவர் லுங்கியை இறுக்கிக்கிட்டு, தூக்கக் கலக்கத்தில் எந்திரிச்சு வந்தார்.

"யாரு செத்தது?"

ஒப்பாரி பாதியில் நின்னுச்சு. அப்ப மதினி எதுக்கு இப்படின்னு நாத்தனார் இழுத்தா. கூட்டத்தில் ஒருத்தர், "அண்ணே, உள்ள போய்ப் படுங்க, மாலை வாங்க ஆள் போயாச்சு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க.

அவர் சிரிக்கலை. என் கழுத்தைப் பார்த்தார்.

"படி ஏறாதேன்னு சொன்னேன்ல."

"நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சு ஏறிட்டேன்."

"அப்படி நினைச்சுமா நின்னுக்கிட்டு இருக்க?"

"அழுதேன். பயப்படலை."

என்னை யாரோ மாதிரி பார்த்தார். அப்புறம் தங்கச்சியைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார். என்னை வெளியே போன்னும் சொல்லலை. நான் உலை வச்சேன். கழுத்தைப் பத்தி அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சே வரலை. ஜெபவீட்டுக்கு அவர் வந்ததும் இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் டீ குடிச்சவர் கிளம்பாம உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் ஒரு வளைவு இருக்கு, அங்க இறங்கும்போது தனக்கும் பயம்தான்னு சொன்னார்.

"உங்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவ. அதான் சொன்னதில்ல."

எந்த வளைவுன்னு கேட்டேன். சொன்னார். இருட்டு, பனி, எதிரே வர்ற மரத்தடி ஏத்தின லாரி, பிரேக் பிடிக்காத ஒரு நாள், ஒவ்வொண்ணா வந்துச்சு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். வண்டி தாமதமாத்தான் கிளம்புச்சு.