மாதா ஸ்டாண்டில் வைத்த உண்ணி மருந்து

எங்கள் வீட்டில், வந்து விளையாடும் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத ஒரே இடம், மாதா சுரூபம் வைத்திருக்கும் ஸ்டாண்டுதான். அதனால்தான் நாயின் உண்ணி மருந்தை அங்கே வைத்தேன். இதில் என் தப்பு என்ன என்று இன்றும் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

ராயபுரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமான வீட்டில் நான், அக்கா, அக்கா மகள், ஒரு நாட்டு நாய் என்று அப்போது நாலு பேர் இருந்தோம். நான் பத்தாவதோடு நின்றவன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு யார்டில் கன்டெய்னர் எண்களைப் பார்த்து எழுதுகிறேன். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம் நாய்க்கு உண்ணி ஏறிவிட்டது. ஒன்று சுவரில் ஏறி காலண்டர் வரை போனதைப் பார்த்த பிறகுதான் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். மூன்று சின்ன ட்யூப் உள்ள ஓர் அட்டைப்பெட்டி எழுதிக் கொடுத்தார். மாதம் ஒன்று. கையுறை போட்டுக்கொண்டு, நாயின் கழுத்துக்குப் பின்னால் முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். காயும்வரை யாரும் நாயைத் தொடக்கூடாது, அன்றைக்கு அதோடு படுக்கக்கூடாது. நம் தோலில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படவே கூடாது. மிச்ச ட்யூபைப் பெட்டியிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சொன்னபடியே எல்லாம் செய்தேன், பெட்டி விஷயத்தைத் தவிர. மாதாவுக்குப் பக்கத்தில் நாய்ப் படம் போட்ட அட்டை நன்றாக இருக்காது என்று தோன்றியது. ட்யூப்களை மட்டும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அட்டையை நாய்ச் சங்கிலியோடு ஆணியில் மாட்டினேன். அதே ஸ்டாண்டில்தான் வேளாங்கண்ணியிலிருந்து அக்கா வருஷா வருஷம் கொண்டுவரும் எண்ணெய்க் குப்பிகளும் இருந்தன. அவையும் சுண்டுவிரல் நீள பிளாஸ்டிக்தான்.

ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து, அக்கா மகளைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. அவரும் அம்மாவும் அப்பாவும் மட்டும். இதற்கு முன் வந்த இரண்டு இடத்தாரும் டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி. இதாவது அமைய வேண்டும் என்று அக்கா ஒரு வாரமாக ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. அழகாகத் தெரியட்டும் என்று மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்தாள்.

உட்கார்ந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னா வெயிலு இது. ஒரு பக்கமா மண்ட இடிக்குது."

"மாதா எண்ணெ கீதுக்கா. ஒரு சிலுவ போட்டா பறந்து பூடும்," என்று அக்கா ஸ்டாண்டில் கை விட்டாள்.

நான் டீத் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றேன். அவள் எடுத்தது எது என்று எனக்குத் தெரிந்தது. விருந்தாளிகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அக்கா நுனியை முறித்தாள், கட்டை விரலில் விட்டாள், அந்த அம்மாவின் நெற்றியில் பெரிதாக ஒரு சிலுவை போட்டாள்.

"ஜில்லுன்னு கீது. ஆஸ்பத்திரி வாசன அடிக்குதே."

"இந்த வருசம் புது எண்ணெ," என்றாள் அக்கா.

"எனக்கும் ஒண்ணு வைம்மா. முட்டி வலி," என்று மாப்பிள்ளையின் அப்பா வழுக்கைத் தலையை நீட்டினார். அவருக்கும் ஆயிற்று.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "அக்கா, அது..."

"உனக்கும் வேணுமா? வா." எனக்கும் ஒரு சிலுவை.

மாப்பிள்ளை தன் முறைக்காகக் குனிந்தபோது, அவர் அம்மா வியர்வையைத் துடைக்க முந்தானையை எடுத்தார். அது நெற்றியிலிருந்து கண்ணை நோக்கி இறங்கியது.

"கண்ணத் தொடாதீங்க. அது நாய்க்குப் போடற உண்ணி மருந்து."

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து கல்யாணப் பெண் சிரிக்கும் சத்தம் வந்தது. அக்கா கையிலிருந்த ட்யூபைப் பார்த்தாள், மாதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அதற்குள் நான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தேன். "அல்லாரும் பம்புக்கு வாங்க. சோப்பு போட்டுக் கழுவணும். அக்கா, உன் வெரலையும்தான். யாரும் கண்ணுகிட்ட கை கொண்டுபோவாதீங்க."

மாப்பிள்ளை அடிபம்பை அடித்தார். ஒரே சோப்பு, நாலு பேர், வரிசையாக. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நாய்க்கு இல்ல டாக்டர். எங்களுக்கு."

"எத்தனை பேருக்கு?" என்றார்.

கண்ணிலோ வாயிலோ பட்டதா என்று கேட்டார். இன்னொரு தடவை கழுவச் சொன்னார். எரிச்சல், தடிப்பு, மயக்கம் எது வந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னார். "மனுஷங்க டாக்டர்கிட்ட," என்று அழுத்திச் சொன்னார். பிறகு அட்டையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பத்து கிலோவிலிருந்து இருபது கிலோ வரை உள்ள நாய்க்கு என்று இருந்தது.

"அப்ப எனக்கு இன்னும் நாலு வேணும்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, முகமெல்லாம் நுரையோடு.

"உண்ணி கீண்ணி இருந்தா செத்துப் பூடும்ல, வுடு," என்றார் அவர் கணவர்.

"உன் மண்டைல இன்னாய்யா கீது சாவறதுக்கு?"

ஆனாலும் போகும்போது சரி என்றோ வேண்டாம் என்றோ அவர்கள் சொல்லவில்லை. டீ ஆறிப் போயிருந்தது. "மூணாவது எடமும் பூட்ச்சு," என்று அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அந்த அம்மாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. அக்கா எடுக்கவில்லை. "நீதான கத்துன, நீயே பேசு," என்று என் கையில் திணித்தாள்.

"தம்பி, எரிச்சல் இல்ல, தடிப்பு இல்ல. நாலு தபா கண்ணாடில பாத்துட்டேன். லைன்ல கீறியா?"

"கீறேங்க."

"நீ கத்தலன்னா கண்ல பூந்திருக்கும். எம் புருசன் பஸ்ல ஏறுனதுலேர்ந்து சிரிச்சுகினே வந்தாரு, எறங்கச் சொல்லிட்டாங்க. பையன் தெரைக்குப் பின்னாடி சிரிச்ச அந்தப் பொண்ணுதான்னு ஒத்தக் கால்ல நிக்கறான். ஓல எப்ப குடுக்கலாம்?"

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு. அக்கா எதிரில் நின்று இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு மாதம் போகட்டும் என்று அர்த்தமாம். நான் இரண்டு வாரம் என்றேன்.

இரண்டு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு, திருவொற்றியூரிலிருந்து சம்பந்தி வீட்டாரும் எங்கள் கோயிலுக்கு வந்தார்கள். பங்குச் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொன்னதும் முன் பெஞ்சில் அந்த வழுக்கைத் தலை குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் அவர் மனைவியின் முந்தானையும் குலுங்கியது. எனக்கு அடக்க முடியவில்லை. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். படிக்கட்டில் அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.