எல்லா வாசலிலும் வேப்பிலை

நான் ஊருக்குள் நுழைந்தால் குழந்தைகள் காணாமல் போய்விடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் அம்மை குத்துவது என் உத்தியோகம். ஒரு சைக்கிள், ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சென்னையிலிருந்து தபாலில் வரும் மருந்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஈரத்துணியில் சுற்றியிருக்கும். மாட்டம்மையிலிருந்து எடுத்தது என்பதாலோ என்னவோ, அதற்குப் பால் என்று பெயர். பிறகு ஒரு ஸ்பிரிட் விளக்கு, நுனியில் பல் வைத்த ஊசி. கையில் ஒரு சொட்டுப் பாலை வைத்து ஊசியால் ஒரு திருகு திருகினால் என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் என்னைத் திட்டுவது அவர்கள் வேலை.

சைக்கிள் மணி கேட்டதுமே சோளக் குதிருக்குள் ஒன்று, தட்டுப்போருக்குப் பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை ஒளித்துவிடுவார்கள். என் மாமனார் ஊரில்கூட ஒரு வீட்டில், "எங்க ஊட்டுல சின்னப் புள்ளைகளே இல்லீங்க சாமி" என்று ஒரு அம்மாள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த கோழிக்கூடை அழுதது. "கோழிங்க" என்றார் அவர். நான் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தத் தாய்மார் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. எந்த ஊரானாலும் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

"ஏனுங்க, உங்க புள்ளைக்குக் குத்தியாச்சுங்களா?"

"ஆச்சுங்க" என்பேன்.

பொய். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் கையில் கொசு கடித்த தடம் தவிர வேறு தடம் கிடையாது. முதலில் பல் முளைக்கிற சமயம் என்று தள்ளிப் போட்டேன். பிறகு காது குத்தினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு குத்து வேண்டாம் என்றாள் என் மனைவி. அதை ஒரு நியாயம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அடுத்தவர் பிள்ளை எத்தனை வீறிட்டாலும் என் காதில் ஏறாது; குழந்தை அழுதால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று பெற்றோருக்கு ஆறுதல்கூடச் சொல்வேன். ஆனால் என் மகள் என்னைப் பார்த்து அலறுவாள் என்று நினைத்தாலே பெட்டியை மூடிவிடுவேன். வேறு ஒரு காரணமும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். அப்புறம் என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு சங்ககிரிக்குப் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

அந்த வருஷம் மாசியில் பெரியம்மை வந்தது. எங்கிருந்து வந்தது என்பதில் ஊர்களுக்குள் ஒற்றுமை இல்லை. குமாரபாளையத்தில் கேட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது என்றார்கள். பவானியில் கேட்டால் ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து என்றார்கள். இரண்டு பேரையும் நம்புவதானால் அது காவேரித் தண்ணீரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

என் மேலதிகாரிக்கு எழுதினேன். அம்மை என்று உறுதியாகத் தெரியுமா, வேர்க்குருவாக இருக்கலாமே என்று பதில் வந்தது. வேர்க்குருவுக்கு யாரும் சாவதில்லை என்று திரும்ப எழுதினேன். அப்படியானால் ஜனங்கள் பீதியடையாதபடி அந்த வார்த்தையைத் தவிர்க்கவும் என்று இன்னொரு கடிதம் வந்தது. அந்த விஷயத்தில் சர்க்காரும் ஜனங்களும் ஒரே கட்சி. ஜனங்களும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள், அதையும் மெதுவாக.

ஊர்கள் ஒவ்வொன்றும் தனி ராஜ்ஜியமாகிவிட்டன. ஓர் ஊரில் வண்டித்தடத்தை வெட்டிப் பள்ளமாக்கினார்கள். விதைக் கடலைக்காய் வாங்கப் போக வேண்டியிருந்ததால் மறுநாள் அவர்களே பள்ளத்தை மூடினார்கள். இன்னோர் ஊரில் வெளியாள் ஒருவரையும் உள்ளே விடவில்லை, வளையல்காரரைத் தவிர. மாரியம்மன் நோன்பி வருகிறது, பெண்கள் கையில் புது வளையல் இல்லாமல் எப்படி என்றார்கள். அந்த மனிதர் ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் கையையும் பிடித்து வளையல் ஏற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். அங்கும் அவரை மட்டும் விட்டார்கள்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தால் பிச்சைக்காரர்கூட அந்தப் படி ஏறமாட்டார். நெருப்பு வாங்கவோ மோர் கேட்கவோ யாரும் வரமாட்டார்கள். அந்த வீட்டாரும் வெளியே போய்ப் புழங்கமாட்டார்கள். எந்த டாக்டரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் ஊசியும் கையுமாக வருஷக்கணக்கில் அலைந்து காப்பாற்றியவர்களைவிட அந்தக் கொத்து காப்பாற்றியவர்கள் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை நான் மேலதிகாரிக்கு எழுதவில்லை.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வழியில் ஒரு கடலைக்காய் வண்டிக்காரர் என்னை நிறுத்தினார்.

"உங்க மாமனார் ஊர் வழியாத்தானுங்க வாரேன். ஒரு ஊடு பாக்கியில்லீங்க. எல்லா வாசல்லயும் வேப்பிலை."

ஒரு வீடு பாக்கியில்லை என்றால் என் மாமனார் வீடும்தான். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. கிணறு கண்ட இடத்திலும் நிற்கவில்லை. வழிநெடுக ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்: ஆச்சுங்க, ஆச்சுங்க என்று எத்தனை வாசலில் சொன்னேன்.

ஊர் எல்லையில் பாதை முழுக்கக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தடியோடு நாலைந்து ஆட்கள், நடுவில் என் மாமனார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு.

"வாங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளையா வந்தா உள்ள வாங்க. ஊசிக்காரரா வந்தீங்கன்னா அப்படியே திரும்பீருங்க. பொட்டியப் பார்த்தா ஆத்தாளுக்குக் கோவம் வருமுங்க."

"புள்ளை எப்படி இருக்குதுங்க மாமா?"

"நல்லாத்தான் இருக்குது."

"ஊர்ல எத்தனை பேருக்குங்க?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு எல்லா வாசல்லயும் வேப்பிலை?"

"வராம இருக்கறதுக்குத்தான். ஊர் கூடி முடிவு பண்ணினோம். வந்தப்பறம் கட்டறதை முன்னாடியே கட்டீட்டா ஆத்தா, இங்க ஏற்கெனவே வந்தாச்சாட்டம் இருக்குதுன்னு போயிருவா இல்லீங்களா" என்றார். யோசனை அவருடையதுதான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு உயிர் வந்தது. முள்ளுக்கு இந்தப் பக்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது.

"மாமா, இதுல நெசமாவே ஒரு ஊட்டுல வந்திருந்தா, எந்த ஊடுன்னு எப்படிங்க தெரியும்?"

அந்தக் கேள்வி ஊர் கூடியபோது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. நிறைமாதம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். முந்தாநாள் உறைமோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் வேப்பிலை இருந்தது. எல்லா வாசலிலும்தான் இருந்தது. உள்ளே அந்த வீட்டுப் பையன் படுத்திருந்தான். என் மகள் இடுப்பிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளையாடியிருக்கிறாள். போர்வை விலகியபோதுதான் என் மனைவி அவன் மேல் அம்மை முத்துகளைப் பார்த்தாள். அதைத் தன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டிய வேலையை வாசலிலிருக்கும் கொத்து செய்துவிடும் என்று இருந்துவிட்டார். முறைப்படி அவர் மேல் தப்பில்லை. வழியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓரடி விலகி நின்றார்கள். என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது, அவளுக்குப் பயமில்லை. இடுப்பிலிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெட்டியைத் திறந்தேன். தடிகள் நிமிர்ந்தன. அதற்குள் ஊரார் கூடிவிட்டார்கள். கூட்டத்தில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க புள்ளைக்குத்தான் எப்பவோ குத்தியாச்சுங்களே? போன தடவை நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லீங்க" என்றேன்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப ஊர் ஊரா ஆச்சு ஆச்சுன்னது?" என்றார் என் மாமனார்.

"பொய்ங்க மாமா. அழுவாளேன்னு பயந்துக்கிட்டு விட்டுட்டேன். இன்னைக்குக் குத்தினா இன்னும் பொழைக்க வழியிருக்குது. நாள் போனா இல்லீங்க. பெட்டி வேண்டாம்னா என்னையும் அடிச்சுப் போட்டுருங்க."

இதுவரை என் உத்தியோகத்தில் நான் பேசிய எந்தப் பேச்சையும் ஜனங்கள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஊசிக்காரனும் தங்களைப் போலத்தான் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரு திருப்திகூட இருந்திருக்கலாம். மாமனார் தடியைக் கீழே போட்டார். "அப்ப இங்கயே குத்துங்க, நாங்க பார்க்கறோம்" என்றார்.

என் மனைவி மகளை முள்ளுக்கு மேலாக நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். விளக்கில் ஊசியைக் காட்டினேன். மடியில் ஒரு சொட்டுப் பால் வீணாகச் சிந்தியது. குத்தியதும் மகள் நான் நினைத்ததைவிட அதிகமாகவே அலறினாள். அலறிவிட்டு, அலற வைத்தவன் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நானும் எல்லார் முன்னிலையிலும் அழுதேன்.

கேள்வி கேட்ட பெண் தன் குழந்தையின் கையை முள்ளுக்கு மேலாக நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வாடிய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுசு செருகினார்கள்.

என்னையும் மகளையும் உள்ளே விடவில்லை. எல்லைக்கு வெளியே ஒரு கிணற்றடிக் கொட்டகையில் தங்கினோம். அம்மை இல்லாத வீட்டார் கொத்தை எடுத்துவிட வேண்டும் என்று மாமனாரிடம் தினமும் முள்ளுக்கு இந்தப் பக்கமிருந்து வாதாடினேன். தான் கட்டச் சொன்னதைத் தானே எடுக்கச் சொல்ல அவருக்கு எட்டு நாள் பிடித்தது. எடுத்த பிறகு பார்த்தால் மூன்று வாசலில் கொத்து மிஞ்சியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதற்கு முந்தின நாளே இறந்துவிட்டான். கோழிக்கூடைக்குள் அழுத கோழி அவன்தான். அன்றைக்கு அந்தக் கூடையைத் தூக்காமல் எழுதிக்கொண்டு கிளம்பினவன் நான்.

பதினோராம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. முகத்திலும் நெஞ்சிலுமாகச் சில முத்துகள் எழும்பின. எண்ணிவிடலாம், எண்ணினேன். பால் முந்திக்கொண்டதால் அதற்கு மேல் எழும்பவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள்.

இன்றைக்கு அவளுக்கே பேரன் இருக்கிறான். இடது கையில் ஒரு வட்டத் தழும்பு, மூக்கின் நுனியில் ஒன்று. யாராவது கேட்டால், "கையில இருக்கறது எங்கப்பா போட்டது, மூக்குல இருக்கறது மாரியாத்தா போட்டது" என்று பெருமையாகச் சொல்வாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டும் நான் போட்டதுதான் என்று இதுவரை அவளிடம் சொன்னதில்லை.